சின்ன வீட்டுக்கு இருநிலை ஹீட் பம்ப்: ஒன்ராறியோவில் கையெழுத்திடும் முன் செய்ய வேண்டியவை

ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் பக்கம் 1,000 முதல் 1,500 சதுர அடிக்குள் ஒரு டவுன்ஹவுஸிலோ செமி வீட்டிலோ இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய ஏசி ஓய்ந்துவிட்டது. காஸ் ஃபர்னஸ் இன்னும் சில ஆண்டுகள் தாங்கும். ஏசிக்குப் பதிலாக ஹீட் பம்ப் போட்டால் கோடையில் குளிரூட்டும், குளிர்காலத்தின் பெரும்பகுதிக்குச் சூடும் தரும் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள். அது சரிதான். ஆனால் வாங்கப் போனால் தலை சுற்றும். என் வீட்டைப் பார்த்த ஒருவர் ஒன்றரை டன் (எடை அல்ல, இயந்திரத்தின் திறன் அளவு) என்றார், அடுத்தவர் மூன்று டன் என்றார். விலை 8,000 டாலரில் தொடங்கி 16,000 வரை போனது. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டபோது யாரிடமும் ஒரு தாள் கணக்குகூட இல்லை. அந்தக் கணக்கை நீங்களே போட்டுக்கொண்டு பேசப் போனால் பாதி அலைச்சல் மிச்சமாகும்.

1. இருநிலை உங்களுக்குத் தேவையா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஹீட் பம்புகள் மூன்று வகை. ஒருநிலை இயந்திரத்தின் கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும், அல்லது நிற்கும். இருநிலையில் கீழ்நிலை ஒன்று உண்டு. முழுத் திறனில் ஏறத்தாழ 67 முதல் 70 சதவீதத்தில் அமைதியாக, நீண்ட நேரம் ஓடும். குளிர் அதிகரித்தால் மேல்நிலைக்குப் போகும். மூன்றாவது வகையான இன்வெர்ட்டர், தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும்.

என் கருத்தை நேராகச் சொல்கிறேன். வீட்டில் காற்றுக் குழாய்கள் இருந்து, காஸ் ஃபர்னஸும் நல்ல நிலையில் இருந்து, கடுங்குளிரை அதற்கே விட்டுவிடத் தயார் என்றால் இருநிலை நல்ல தேர்வு. இன்வெர்ட்டரைவிடப் பொதுவாக விலை குறைவு, மின்னணுப் பாகங்களும் குறைவு. காஸ் இணைப்பையே துண்டித்துவிட நினைக்கிறீர்களா? மின்சார பேஸ்போர்டில் சூடேற்றும் வீடா? அப்படியானால் இருநிலையை விடுங்கள். கடுங்குளிருக்கென்று தயாரிக்கப்பட்ட இன்வெர்ட்டரைப் பாருங்கள். மைனஸ் 20 டிகிரியில் வீட்டைத் தனியாகத் தாங்குவது சாதாரண இருநிலை இயந்திரத்தின் வேலை அல்ல.

2. வீட்டின் வெப்பத் தேவையைக் காஸ் பில்லிலிருந்து கணக்கிடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். சதுர அடியை ஏதோ ஓர் எண்ணால் வகுத்து டன் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரே அளவுள்ள இரண்டு வீடுகளில், நடுவில் இருக்கும் டவுன்ஹவுஸுக்கும் ஓரத்து வீட்டுக்கும் தேவை வெகுவாக மாறும். கனடாவில் இதற்கான முறையான தரம் சிஎஸ்ஏ எஃப்280. ஒப்பந்தக்காரரிடம் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு முன் உங்கள் கையில் ஒரு தோராயமான எண் இருக்கட்டும்.

ஜனவரி மாத காஸ் பில்லை எடுங்கள். உதாரணத்துக்கு அந்த மாதம் 300 கன மீட்டர் செலவாகியிருக்கிறது என்று வைப்போம். கோடை மாத பில்லில் உள்ள அளவு, அதாவது வெந்நீருக்கும் அடுப்புக்கும் போவது, 40 என்றால் அதைக் கழியுங்கள். மீதி 260. ஒரு கன மீட்டர் காஸில் சுமார் 10.5 கிலோவாட்-மணி வெப்பம் இருக்கிறது. 95 சதவீதத் திறனுள்ள ஃபர்னஸ் என்றால் 260 × 10.5 × 0.95, ஏறத்தாழ 2,590 கிலோவாட்-மணி. ஜனவரியில் 744 மணி நேரம். வகுத்தால் சராசரியாக 3.5 கிலோவாட்.

அந்த மாதச் சராசரி வெப்பநிலை மைனஸ் 4 என்று கொள்ளுங்கள். வெளியே 18 டிகிரிக்கு மேல் போனால் சூடு தேவையில்லை என்று வைத்தால் வித்தியாசம் 22. ஆக, வெளியே ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் வீட்டுக்கு 0.16 கிலோவாட் கூடுதலாகத் தேவை. ரொறன்ரோ பகுதிக்கு வடிவமைப்பு வெப்பநிலை, அதாவது கருவியின் அளவைத் தீர்மானிக்க எடுத்துக்கொள்ளும் கடுங்குளிர், மைனஸ் 18 முதல் மைனஸ் 20 வரை. மைனஸ் 20 என்றால் வித்தியாசம் 38. தேவை சுமார் 6 கிலோவாட், அதாவது மணிக்கு 20,500 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு). ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு. ஆக, மைனஸ் 20 டிகிரி இரவில்கூட இந்த வீட்டுக்கு இரண்டு டன்னுக்குக் கீழ்தான் தேவை. இதே வீட்டுக்கு மூன்று டன் எழுதித் தருபவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் ஃபர்னஸ் பழையது, 80 சதவீதம்தான் என்றால் 0.95க்குப் பதில் 0.80 போடுங்கள். ஓர் ஆண்டு பில்லை மட்டும் நம்பாமல் இரண்டு குளிர்காலங்களைப் பாருங்கள்.

3. பெயர்ப் பலகையில் உள்ள டன்னை நம்பாதீர்கள்

‘2 டன்’ என்பது குளிரூட்டும் திறன். சூடேற்றும் திறன் வெளி வெப்பநிலையோடு இறங்கிக்கொண்டே வரும். அதைத் தெரிந்துகொள்ள ஏஎச்ஆர்ஐ (குளிரூட்டும், சூடேற்றும் கருவிகளின் திறனைச் சான்றளிக்கும் தொழில் அமைப்பு) சான்றிதழைக் கேளுங்கள். அதில் 8.3 டிகிரியிலும் மைனஸ் 8.3 டிகிரியிலும் எவ்வளவு வெப்பம் தரும் என்று இருக்கும். அந்தச் சான்றிதழில் இவை பாரன்ஹீட்டில் 47, 17 என்று இருக்கும். வெளியே வைக்கும் பகுதியும் ஃபர்னஸ் மேல் அமரும் காயிலும் (குளிர்வாயு ஓடும் சுருள்) சேர்ந்த ஜோடிக்குத்தான் இந்தச் சான்றிதழ். வெளிப்பகுதியின் எண்ணை மட்டும் காட்டினால் அது அரைகுறைத் தகவல்.

ஒரு 2 டன் இருநிலை இயந்திரம் 8 டிகிரியில் 23,000 பிடியு தருகிறது, மைனஸ் 8இல் 14,000 தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன வீட்டுக்கு மைனஸ் 8இல் தேவையும் ஏறத்தாழ 14,000தான். ஆக, அந்த வெப்பநிலை வரை ஹீட் பம்ப் தனியாகவே வீட்டைத் தாங்கும். அதற்குக் கீழே ஃபர்னஸ் பொறுப்பேற்கும். பூஜ்ஜிய டிகிரியில் தேவை 9,700 பிடியு. அது கீழ்நிலைக்குள்ளேயே அடங்கிவிடும். இதற்காகத்தான் நீங்கள் இருநிலைக்கு அதிகப் பணம் கொடுக்கிறீர்கள்.

இதே வீட்டில் மூன்று டன் போட்டால் நடப்பது வேறு. ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் வெளியே 5 டிகிரி இருக்கும்போது வீட்டுக்குத் தேவை 7,000 பிடியு. மூன்று டன்னின் கீழ்நிலையே அதைப்போல மூன்று மடங்கு தரும். சில நிமிடங்கள் ஓடி நிற்கும், மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். மின்சாரம் வீண், கம்ப்ரசருக்குத் தேய்மானம். கோடையில் ஈரப்பதம் நீங்காமல் வீடு குளிர்ந்தும் பிசுபிசுவென்றே இருக்கும். இருநிலைக்காகக் கொடுத்த காசும் வீண்.

இன்னொன்று: இருநிலை இயந்திரங்கள் பெரும்பாலும் 2 டன்னில்தான் தொடங்குகின்றன. உங்கள் கணக்கு 14,000, 15,000 பிடியு என்று வந்தால், அதாவது நன்றாகக் காப்பிடப்பட்ட நடு டவுன்ஹவுஸ் என்றால், ஒன்றரை டன் இன்வெர்ட்டரே பொருத்தம். அங்கே இருநிலையைத் திணிக்க விடாதீர்கள்.

4. காஸா மின்சாரமா: உங்கள் பில்லை வைத்தே பாருங்கள்

காஸ் பில்லில் அளவுக்கேற்ப மாறும் கட்டணங்கள் அனைத்தையும் கூட்டி, கன மீட்டரால் வகுங்கள். மாதாந்திர நிலைக் கட்டணத்தைச் சேர்க்க வேண்டாம். ஃபர்னஸ் இருக்கும்வரை அதை எப்படியும் கட்டத்தான் போகிறீர்கள். வந்த எண்ணைப் பத்தால் வகுத்தால், ஒரு கிலோவாட்-மணி வெப்பத்துக்குக் காஸில் ஆகும் செலவு. அடுத்து ஹைட்ரோ பில்லில் ஒரு கிலோவாட்-மணிக்கு எல்லாம் சேர்த்து என்ன விலை என்று பாருங்கள். மின்விலையைக் காஸ் விலையால் வகுத்தால் கிடைப்பது, ஹீட் பம்ப் குறைந்தது எத்தனை மடங்கு வெப்பம் தந்தால் உங்களுக்கு நட்டமில்லை என்ற எண். அந்த மடங்கைத்தான் விவரத்தாள்களில் சிஓபி என்று போடுகிறார்கள்.

உதாரணம்: காஸ் கன மீட்டருக்கு 45 சென்ட் என்றால் வெப்பத்துக்கு 4.5 சென்ட். மின்சாரம் 13 சென்ட் என்றால் சிஓபி 2.9 வேண்டும். அத்தனை மடங்கு பொதுவாக மைல்டான நாட்களில் கிடைக்கும், கடுங்குளிரில் கிடைக்காது. எந்த வெளி வெப்பநிலையில் இந்த எண்ணுக்குக் கீழே இயந்திரம் இறங்குகிறதோ, செலவைப் பார்த்தால் அதுதான் ஃபர்னஸுக்கு மாற வேண்டிய வெப்பநிலை. 2025 ஏப்ரல் 1 முதல் நுகர்வோருக்கான கூட்டாட்சிக் கார்பன் கட்டணம் காஸ் பில்லிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அதற்கு முன் போடப்பட்ட சேமிப்புக் கணக்கு எதையும் விற்பனையாளர் காட்டினால் ஏற்காதீர்கள்.

ஒன்ராறியோவில் மின்கட்டணத் திட்டத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். இரவு 11 முதல் காலை 7 வரை மிக மலிவாக இருக்கும் திட்டம் ஹீட் பம்புக்கு ஏற்றதுபோல் தெரியும். ஆனால் அதே திட்டத்தில் வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை விலை மிக உயரம். குழந்தைகள் பள்ளி விட்டு வந்து, சமையலும் நடக்கும் நேரம் அதுதான். அந்த ஐந்து மணி நேரம் ஃபர்னஸை ஓட விடும் வசதி உங்கள் தெர்மோஸ்டாட்டில் இருந்தால் மட்டும் அந்தத் திட்டத்துக்குப் போங்கள்.

5. வீட்டில் பார்க்க வேண்டியவை

*தெர்மோஸ்டாட் வயர்.* இதைப் பலரும் கவனிப்பதில்லை. இருநிலை ஹீட் பம்பும் ஃபர்னஸும் சேர்ந்து இயங்க ஏழு, எட்டு வயர்கள் தேவைப்படும். பழைய வீடுகளில் சுவருக்குள் நான்கோ ஐந்தோதான் இருக்கும். கீழ்நிலைக்கும் மேல்நிலைக்குமான ஒய்1, ஒய்2 என்ற இரண்டு முனைகளும் தனித்தனியாக இணைக்கப்படாவிட்டால் இருநிலை இயந்திரம் ஒருநிலை போலவே ஓடும். இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வயர்களை எண்ணி, ஒரு படம் எடுத்து ஒப்பந்தக்காரருக்கு அனுப்புங்கள். புது வயர் இழுப்பது விலைக்குள் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

*ஃபர்னஸ் காற்றாடி.* ஒரு டன்னுக்கு நிமிடத்துக்கு 350 முதல் 400 கன அடி காற்று வேண்டும். இரண்டு டன்னுக்கு 700 முதல் 800. காற்றாடிக்கு இரண்டு வேகமாவது இருந்தால்தான் கீழ்நிலைக்குத் தனி வேகம் வைக்க முடியும். குழாய்கள் ஒடுக்கமாக இருந்தால் எவ்வளவு நல்ல இயந்திரமும் இரைச்சலாகவே முடியும். வருபவர் குழாய் அழுத்தத்தை அளந்து பார்க்கிறாரா என்று கவனியுங்கள். அளந்தால் அவர் வேலை தெரிந்தவர்.

*மின்பேனல்.* 100 ஆம்ப் பேனல் உள்ள வீட்டிலும் ஃபர்னஸோடு சேர்ந்த 2 டன் ஹீட் பம்ப் பெரும்பாலும் பழைய ஏசியின் இடத்திலேயே அடங்கும். மின்சாரச் சூடேற்றியையும் சேர்த்து விற்கப் பார்த்தால் கதை மாறும். 10 கிலோவாட் சூடேற்றி தனியாகவே 40 ஆம்புக்கு மேல் இழுக்கும். பேனல் மாற்றும் செலவு அங்கிருந்துதான் வரும். ஃபர்னஸ் இருக்கும்போது அது உங்களுக்குத் தேவையில்லை.

*வெளியே வைக்கும் இடம்.* ஏசியைப் போல் இதைத் தரையில் வைக்கக் கூடாது. பனிக்கு மேலே நிற்க 12 முதல் 18 அங்குல உயரக் கால்கள் வேண்டும். குளிர்காலத்தில் இயந்திரம் தன் மேல் படிந்த உறைபனியை அவ்வப்போது உருக்கும். அந்தத் தண்ணீர் நடைபாதையில் வழிந்தால் பனிக்கட்டியாகி யாராவது வழுக்கி விழுவார்கள். பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். இடம் குறித்த நகராட்சி விதிகளையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. டவுன்ஹவுஸ் காண்டோ என்றால் முதலில் நிர்வாகத்தின் அனுமதி

வெளிச்சுவரும் முற்றமும் பொதுச் சொத்தாக இருந்தால் காண்டோ நிர்வாகக் குழுவின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். ஒன்ராறியோ காண்டோமினியம் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் ஒப்பந்தம் ஒன்று எழுதிச் சொத்தின் மீது பதிவு செய்யச் சொல்லலாம்; அதன் வழக்கறிஞர் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். குழு கூடுவதே மாதத்துக்கு ஒருமுறை என்றால் அதற்கேற்ப முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். இயந்திரத்தின் அளவு, ஒலி அளவு, வைக்கும் இடத்தின் வரைபடம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் கேள்விகள் குறையும்.

7. மானியத்தை நம்பிக் கணக்குப் போடும் முன்

பழைய தகவல்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கூட்டாட்சி அரசின் கிரீனர் ஹோம்ஸ் மானியம் 2024 தொடக்கத்திலேயே புதிய விண்ணப்பங்களை நிறுத்திவிட்டது. 40,000 டாலர் வரையிலான வட்டியில்லாக் கடனும் 2025 அக்டோபர் 1 முதல் புதியவர்களுக்கு இல்லை. இவற்றைச் சொல்லி விற்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஒன்ராறியோவில் 2025 ஜனவரியில் தொடங்கிய ஹோம் ரெனோவேஷன் சேவிங்ஸ் என்ற திட்டம் உண்டு. தொடங்கியபோது மின்சாரத்தால் சூடேற்றும் வீட்டுக்கு அதிகமும் காஸ் வீட்டுக்கு மிகக் குறைவும் கிடைத்தது. விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் தொகை காஸ் வீட்டுக்கானது அல்ல.

இருநிலை வாங்குபவர்களுக்கான மிகப் பெரிய பொறி இங்கேதான் இருக்கிறது. கடுங்குளிர் ஹீட் பம்புகளுக்குப் பலரும் அளவுகோலாகக் கொள்ளும், நீப் (NEEP) என்ற அமெரிக்க அமைப்பின் பட்டியலில் இடம்பெற, கம்ப்ரசருக்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வேகங்கள் இருக்க வேண்டும். இரண்டே நிலை உள்ள இயந்திரம் அந்த வாசலிலேயே நின்றுவிடும். “மானியம் போக விலை இவ்வளவு” என்று எழுதித் தந்தால், அந்த மாடல் எண் திட்டத்தின் தகுதிப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். இல்லையென்றால் மானியம் இல்லாத விலையை இன்வெர்ட்டரின் மானியம் போன விலையோடு ஒப்பிடுங்கள். சில சமயம் இன்வெர்ட்டரே மலிவாக முடியும். அப்போது தயங்காமல் அதை வாங்குங்கள். வேலை தொடங்கும் முன்பே வீட்டு ஆற்றல் மதிப்பீடு கேட்கிறார்களா என்பதையும் பார்த்துவிடுங்கள். வரிசை மாறினால் பணம் வராது.

ரொறன்ரோ நகருக்குள் இருப்பவர்களுக்கு நகரசபையின் வீட்டு ஆற்றல் கடன் திட்டம் உண்டு. சொத்து வரி பில்லோடு சேர்த்துத் திருப்பிச் செலுத்த வேண்டும். அடமானம் கொடுத்த வங்கியின் சம்மதமும் தேவை.

8. விலைப்புள்ளியில் இருக்க வேண்டியவை

மூன்று பேரிடமாவது வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். ஒரே தாளில் இவை இருக்கட்டும்: வெளிப்பகுதி, காயில் இரண்டின் மாடல் எண்கள், ஏஎச்ஆர்ஐ எண், வெப்பத் தேவைக் கணக்கு, தெர்மோஸ்டாட்டும் வயரும், கால்கள், மின்வேலையும் அதன் ஈஎஸ்ஏ (ஒன்ராறியோவின் மின்பாதுகாப்பு ஆணையம்) அறிவிப்புக் கட்டணமும், பழையதை அகற்றும் செலவு, 13 சதவீத எச்எஸ்டி சேர்ந்த மொத்தத் தொகை. புதிய இயந்திரம் எந்தக் குளிர்வாயுவில் ஓடுகிறது என்றும் கேளுங்கள். ஆர்-410ஏ மெல்ல விலகி ஆர்-32, ஆர்-454பி வந்துகொண்டிருக்கின்றன. பழைய வாயு இயந்திரத்தை இருப்பு தீர்க்க விற்றால் நல்ல தள்ளுபடி கேளுங்கள். பழைய காயிலோடு புது வாயு இயந்திரத்தை இணைப்பதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

குளிர்வாயு வேலைக்கு 313ஏ அல்லது 313டி உரிமம், காஸ் வேலைக்கு டிஎஸ்எஸ்ஏ (ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு, மின்வேலைக்கு உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர். உரிம எண்களைக் கேட்பது அவமரியாதை அல்ல. நம் ஊர்க்காரர், கோயிலில் பார்த்துப் பழகியவர் என்றாலும் கேளுங்கள். ஏதாவது கெட்டால் வீட்டுக் காப்புறுதி நிறுவனம் உறவு முறை பார்க்காது.

9. வாடகைக்கு எடுக்காதீர்கள்

“கையில் காசே வேண்டாம், மாதம் 130 டாலர்” என்று வருவார்கள். பத்து ஆண்டுகளுக்கு அது 15,600. ஆண்டுதோறும் ஏறும் விகிதம் ஒப்பந்தத்தில் இருந்தால் அதற்கும் மேல். வீட்டை விற்கும்போது ஒப்பந்தத்தை முழுவதும் அடைத்துத் தீர்க்கச் சொல்வார்கள். இப்படிப்பட்ட வாடகைகளுக்காக வீட்டுப் பத்திரத்தின் மேல் பாதுகாப்புரிமைப் பதிவு போட்டு மிரட்டியதால் எத்தனையோ குடும்பங்கள், குறிப்பாக ஆங்கிலம் சரளமாக இல்லாத முதியவர்கள், பட்ட பாடு கொஞ்சமல்ல. 2024 ஜூன் 6 முதல் நுகர்வோர் பொருட்களுக்கான அந்தப் பதிவுகளை ஒன்ராறியோ தடை செய்துவிட்டது. ஆனால் வாடகை ஒப்பந்தம் இன்னும் செல்லுபடியாகும், பாக்கியும் பாக்கிதான்.

ஃபர்னஸ், ஏசி, தண்ணீர் சூடாக்கி போன்றவற்றை நீங்கள் அழைக்காமல் வாசலுக்கு வந்து விற்று ஒப்பந்தம் போடுவது 2018 மார்ச் 1 முதல் தடை. நீங்களே அழைத்து வந்தவரோடு வீட்டில் வைத்துக் கையெழுத்திட்டாலும், 50 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் என்றால் அதன் பிரதி கைக்கு வந்ததிலிருந்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலேயே ரத்து செய்யலாம். மின்னஞ்சலில் எழுதி ரத்து செய்யுங்கள். தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. உங்கள் பெற்றோர் தனியாக வீட்டில் இருப்பவர்கள் என்றால் இந்த இரண்டு விஷயங்களையும் அவர்களிடம் இன்றே சொல்லிவையுங்கள்.

10. எப்போது போடுவது

ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர். ஜூலை வெக்கையில் ஏசி நின்றபிறகும், ஜனவரியில் ஃபர்னஸ் நின்றபிறகும் பேரம் பேச முடியாது; கையில் இருக்கும் இயந்திரத்தைத்தான் தருவார்கள், அது பெரும்பாலும் உங்கள் வீட்டுக்குப் பெரியதாகத்தான் இருக்கும். பழைய ஏசி முனகத் தொடங்கியதுமே கணக்கை ஆரம்பியுங்கள்.

11. பொருத்தும் நாளும் அதன் பிறகும்

செப்புக் குழாயை இணைத்ததும் காற்றும் ஈரமும் போக வெற்றிடம் ஏற்ற வேண்டும். அதை 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, அளவுமானியில் காட்டச் சொல்லுங்கள். அவசரத்தில் இதைச் சுருக்கினால் கம்ப்ரசர் சீக்கிரம் போகும். தெர்மோஸ்டாட்டில் இருநிலை ஹீட் பம்ப், துணைக்குக் காஸ் ஃபர்னஸ் என்று அமைத்திருக்கிறார்களா, நான்காம் படியில் நீங்கள் கண்டுபிடித்த மாறும் வெப்பநிலையைப் பதித்திருக்கிறார்களா என்று அவர்கள் கிளம்பும் முன் பாருங்கள். கீழ்நிலை, மேல்நிலை இரண்டையும் தனித்தனியாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சத்தத்திலேயே வித்தியாசம் தெரியும். காயிலுக்குப் பிறகு ஃபர்னஸ் வருவதுபோல் அமைத்திருந்தால் விடாதீர்கள். ஃபர்னஸுக்கு மேலேதான் காயில் வர வேண்டும்.

மீதித் தொகையை ஈஎஸ்ஏ ஆவணம் கைக்கு வந்தபிறகு கொடுப்பதாக முன்பே எழுதிக்கொள்ளுங்கள். பாகங்களுக்கான 10 ஆண்டு உத்தரவாதம் பல நிறுவனங்களில் தானாக வராது. பொருத்திய 60 நாட்களுக்குள், சிலவற்றில் 90 நாட்களுக்குள், இணையத்தில் பதிவு செய்யாவிட்டால் ஐந்து ஆண்டாகச் சுருங்கிவிடும். பதிவை ஒப்பந்தக்காரரிடம் விடாமல் அன்று இரவே நீங்களே செய்யுங்கள், உறுதிப்படுத்தும் மின்னஞ்சலைச் சேமித்துவையுங்கள். கூலிக்கான உத்தரவாதம் தனி. அது எத்தனை ஆண்டு என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். ரசீது, ஏஎச்ஆர்ஐ சான்றிதழ், ஈஎஸ்ஏ ஆவணம், வரிசை எண்கள் தெரியும் படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். மானிய விண்ணப்பத்துக்கும், பின்னாளில் வீட்டை விற்கும்போது வழக்கறிஞர் கேட்பதற்கும் அதே கோப்புதான்.

முதல் குளிர்காலத்தில் வெளிப்பகுதியிலிருந்து திடீரென்று புகைபோல ஆவி எழும், சில நிமிடங்களில் அடங்கிவிடும். உறைபனியை உருக்குகிறது, பயப்பட வேண்டாம். ஆனால் பனிக்கட்டி நாள்முழுதும் கரையாமல் கட்டிக்கிடந்தாலோ, வெளியே 5 டிகிரி இருக்கும்போதே ஃபர்னஸ் எரிந்தாலோ ஒப்பந்தக்காரரை உடனே கூப்பிடுங்கள், கூலி உத்தரவாதம் முடிவதற்குள்.